கைக்கு ஏற்ற கத்தி



என் எழுது மேசையின்மேல் இரண்டு துண்டாக உடைந்த கத்தி ஒன்று கிடக்கிறது. காகிதங்கள் காற்றில் பறவாமல் இருப்பதற்காக, அதன் பெரிய துண்டை அவற்றின்மேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "உடைந்த இரும்பு வீட்டில் இருக்கலாகாது, எடுத்து எறியுங்கள்" என்கிறார்கள். நான் எறியவில்லை. அது நான் செய்த முதற் கத்தி. அது உடைந்ததற்குக் காரணமும் நானே. உலோகவியலைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். ஆயினும், அந்தப் பாடத்தின் ஒரு பகுதி எனக்கு முழுதும் விளங்கியது அந்தக் கத்தி உடைந்த அன்றுதான். ஒருவர் கைக்கென்றே ஒரு கத்தியை எவ்வாறு செய்கிறார்கள் என்பதை, அந்த உடைந்த துண்டின் கதையோடு சேர்த்து உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கத்தி செய்ய நான் முற்பட்டதற்கு என் தமக்கையார் காரணம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அரிவாள்மணையின்முன் அமர்ந்து காய் நறுக்கியவர் அவர். 2018ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டு, வலக் கையும் வலக் காலும் வலுவிழந்தன. கால் ஓரளவு தேறிற்று; கை தேறவில்லை. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவருக்கு அரிவாள்மணை எதற்கு? மேசையில் வைத்து நறுக்கும் சாதாரணக் கத்தியோ இரண்டு கைகளை வேண்டுவது. ஒரு கை காயைப் பிடிக்க வேண்டும், மற்றொன்று கத்தியைப் பிடிக்க வேண்டும். "தம்பி, சோற்றை யாராவது ஆக்கிப் போடட்டும். காயை மட்டும் நானே நறுக்கிக்கொள்ள ஒரு வழி செய்யமாட்டாயா?" என்று ஒரு நாள் கேட்டார். அவர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டவரல்லர்.

ஒற்றைக் கையால் நறுக்குவதற்கென்று ஒரு வகைக் கத்தி உண்டு. அதன் வாய் பிறை நிலாவைப்போல் வளைந்திருக்கும். பிடி, வாய்க்கு நேர் மேலே குறுக்காக அமைந்திருக்கும். காயின்மேல் வைத்து அழுத்தித் தொட்டில்போல் ஆட்டினால், கத்தி உருண்டு சென்று காயை அறுத்துவிடும். அழுத்தும் விசை நேரே கீழ்நோக்கிச் செல்வதால் காய் நழுவி ஓடுவதில்லை; அதைப் பிடித்துக்கொள்ள மற்றொரு கை வேண்டுவதில்லை. வட துருவப் பகுதியில் வாழும் இன்யூயிட் மக்களின் பெண்கள், மீன் அறுக்கவும் தோல் சீவவும் நெடுங்காலமாக வழங்கிவரும் 'ஊலு' என்னும் கத்தியும் ஏறத்தாழ இவ்வடிவினதே. இத்தகைய கத்தி ஒன்றைக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். அக்காவின் கை சிறியது. அந்தப் பிடியோ பெரியது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதனை அலமாரியில் வைத்துவிட்டார். அப்பொழுதுதான், அவர் கைக்கு ஏற்ற ஒன்றை நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் கொல்லர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். அவருடைய உலைக்களத்தில் வாரத்துக்கு ஒரு நாள் இடங்கொடுக்கும்படி கேட்டேன். "வாத்தியாரையாவுக்கு இந்தப் புகை எதற்கு?" என்றார், ஆயினும் இடங்கொடுத்தார்.

முதற் கேள்வி, எந்த இரும்பு என்பது. இரும்பு என்று பொதுவாகச் சொல்லுகிறோமே தவிர, கத்திக்கு ஆகும் இரும்பு வேறு, சன்னல் கம்பிக்கு ஆகும் இரும்பு வேறு. வேறுபாடு கரியில் இருக்கிறது. சன்னல் கம்பியில் நூறு பங்குக்கு 0.2 பங்கு அளவுதான் கரி இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்குக் கடினமாகாது. 0.6 பங்கு கரி சேர்ந்தால் நல்ல கத்திக்கு உரிய எஃகு ஆகிறது. பழைய அரங்களில் 1.2 பங்குவரை இருப்பதுண்டு. இவ்வளவு சிறிய வேறுபாடு இவ்வளவு பெரிய பயனைத் தருகிறது என்பதை முதன்முறையாகக் கேட்கும் மாணவர்கள் நம்புவதில்லை. நானும் என் ஆசிரியரை நம்பவில்லை.

பழைய இரும்புக் குவியலில் கிடப்பது எந்த வகை என்று எப்படி அறிவது? கொல்லர் அதற்குச் சாணைச் சக்கரத்தைக் காட்டினார். சன்னல் கம்பியைச் சுழலும் சக்கரத்தில் வைத்தபோது நீண்ட, நேரான தீக்கோடுகள் பறந்தன. பழைய அரத்தை வைத்தபோது ஒவ்வொரு பொறியும் நுனியில் வெடித்துக் கம்பி மத்தாப்புப்போலப் பூத்தது. கரி மிகுதியானால் பூவும் மிகுதியாகும். லாரியின் அடியில் சுமையைத் தாங்கும் வில்பட்டை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; அதில் ஏறத்தாழ 0.6 பங்கு கரியும், ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான குரோமியமும் இருப்பது வழக்கம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கும் வேறு பல ஊர்களிலும் கொல்லர்கள் இந்த லாரிப் பட்டையையே விரும்பி வாங்குகிறார்கள்.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கைவினைக் கத்திக் கலையை வளர்த்தவர்களுள் பாப் லவ்லெஸ் (1929–2010) என்பவர் பெரும் புகழ் வாய்ந்தவர். அவர் 1950களின் தொடக்கத்தில் கப்பலில் வேலை பார்த்துவந்தார். பேர்பெற்ற ஒருவர் செய்யும் கத்தியை வாங்கக் கடைக்குச் சென்றபோது, பல மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பழைய வண்டிகள் குவிந்த இடத்திலிருந்து ஒரு பாக்கார்டு மோட்டாரின் வில்பட்டையைக் கொண்டுவந்து, கப்பலின் சமையலறை அடுப்பில் காய்ச்சித் தாமே ஒரு கத்தியைச் செய்துகொண்டார். பிற்காலத்தில் அவர் செய்த கத்திக்கு மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் பிறகு அடித்து வடிக்கும் முறையை விட்டு, எஃகுப் பாளத்தை வெட்டித் தேய்த்து வடிவெடுக்கும் முறையைப் பின்பற்றினார். உலகெங்கும் கத்தி செய்கிறவர்கள் இன்றும் இந்த இரு முறைகளில் எது சிறந்தது என்று வாதாடுகிறார்கள். கத்தியின் குணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அதன் பிறகு வரும் நெருப்பு வேலை என்பது என் கருத்து. தேய்த்து எடுத்தாலும் அடித்து எடுத்தாலும் அந்த நெருப்பில் தவறினால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால், பிறை வடிவக் கத்திக்கு அடித்து வடிப்பதில் ஒரு நன்மை உண்டு. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை உலையில் இட்டு, ஆரஞ்சுப் பழத்தின் நிறம் வந்ததும் குறட்டால் பற்றி அடைகல்லின்மேல் வைத்தோம். கொல்லரின் பேரன் சம்மட்டி அடிக்க, கொல்லர் சிறு சுத்தியால் இடம் காட்டினார். பட்டை மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், வாய்ப்புறத்தை மட்டும் மேலும் மெலிய அடித்தோம். அடிபட்ட புறம் மெலிந்து நீளுகிறது. அடிபடாத முதுகு நீளுவதில்லை. ஆகவே தகடு தானாகவே வளைகிறது. நேரான கத்தி செய்கிறவர்களுக்கு இந்த வளைவு பெருந்தொல்லை. அதற்காக அவர்கள் முன்கூட்டியே தகட்டை எதிர்ப்புறம் வளைத்து வைத்துக்கொள்ளுவார்கள். எங்களுக்கோ அந்த வளைவே வேண்டியிருந்தது. நிறம் மங்கிக் கருஞ்சிவப்பு ஆனதும் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையில் இட வேண்டும். ஆறிய எஃகை அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். எத்தனை முறை காய்ச்சினோம் என்று நான் எண்ணவில்லை, பதினைந்துக்குக் குறையாது.

வடிவம் வந்தது. ஓரங்களை அரத்தால் ராவி ஒழுங்கு செய்தேன். வாயைக் கூராக்காமல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் விட்டுவைத்தேன். இதற்குக் காரணம் உண்டு. தாள்போல் மெல்லிய வாய் தோய்க்கும்போது நெளிந்துவிடும். நெருப்பில் அதன் கரியும் எரிந்துபோகும்.

இனிமேல்தான் தோய்ச்சல். கத்திக்கு உயிர் கொடுப்பது இதுவே என்று கொல்லர்கள் சொல்லுவார்கள். இதன் உள்ளே நிகழ்வதைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

எஃகு குளிர்ந்திருக்கும்போது அதன் இரும்பணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் நிற்கின்றன. ஏறத்தாழ 727 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது அவை வேறு விதமாக அணிவகுக்கத் தொடங்குகின்றன. மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் நிற்கின்றன. இந்த இரண்டாவது அமைப்பில் கரியணுக்கள் நுழைந்து தங்குவதற்கு இடம் இருக்கிறது. முதல் அமைப்பில் அவ்வளவு இடம் இல்லை. மெல்ல ஆறவிட்டால் கரியணுக்கள் மெல்ல வெளியேறித் தனியே ஒதுங்கிவிடுகின்றன, எஃகு மென்மையாகிவிடுகிறது. திடீரென்று குளிரச் செய்தால் என்ன ஆகும்? திருவிழா மண்டபத்தில் மக்கள் நிறைந்திருக்கும்போது, கதவுகளை ஒரே கணத்தில் மூடிவிட்டு, சுவர்களையும் நெருக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வழியில்லாமல் கரியணுக்கள் சிக்கிக்கொள்ளுகின்றன. அந்த நெருக்கத்தால் இரும்பின் அணிவகுப்பே கோணிப்போகிறது. கோணிய அணிகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதில்லை. அதையே நாம் கடினம் என்கிறோம். இவ்வமைப்புக்கு ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் (1850–1914) என்பவரின் நினைவாக மார்ட்டன்சைட் என்று பெயர். இதில் மற்றொன்றையும் மறக்கலாகாது. மார்ட்டன்சைட் ஆகும்போது எஃகு சற்றுப் பருக்கிறது. வெளித்தோல் முதலில் குளிர்ந்து இறுகிவிட, உட்பகுதி பிறகு பருக்குமானால், தோல் கிழியும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை கொல்லர் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். "நான் வந்ததும் தோய்க்கலாம்" என்று சொல்லித்தான் போனார். எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் அக்காவின் பிறந்த நாள். துருத்திக்குப் பதிலாக வைத்திருந்த மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். வெயில் சாயவில்லை, களத்தில் வெளிச்சம் மிகுந்திருந்தது. கத்தி நன்றாகச் சிவந்துவிட்டதா என்று ஐயம் தோன்றியது. ஐயத்துக்கு இடம் வேண்டாமென்று இன்னும் சற்றுக் காய்ச்சினேன். பிறகு, அரிவாளைத் தோய்க்கும் தண்ணீர்த் தொட்டியிலேயே அதனை இறக்கினேன். தண்ணீர் கொதித்து அடங்கிற்று. அடங்கிய பிறகு, நகத்தால் பீங்கானைச் சுண்டினாற்போல் ஒரு சிறிய ஒலி கேட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். வாயிலிருந்து முதுகுவரை மயிரிழைபோல் ஒரு கோடு. கையால் அழுத்தியதும் இரண்டாகிவிட்டது.

மறுநாள் கொல்லர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "பாருங்கள் வாத்தியாரையா, ரவை ரவையாகத் தெரிகிறது. இது சாம்பலைப்போல் இருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிகுதியாகக் காய்ச்சினால் எஃகின் உட்படிகங்கள் பெருத்துவிடும். பெருத்த படிகங்களுக்கிடையே வெடிப்பு எளிதில் ஓடும். வில்பட்டை எஃகில் உள்ள குரோமியம் அதனை எண்ணெயிலேயே கடினப்படுத்தப் போதுமானது. அதைத் தண்ணீரின் வேகத்தில் குளிரவிட்டது இரண்டாவது தவறு. கொல்லர்கள் பட்டை அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பதுண்டு; ஆனால் அவர்கள் வாயை மட்டும் கணப்பொழுது தோய்த்து எடுத்து, மீண்டும் தோய்ப்பார்கள். நான் முழுவதையும் அமிழ்த்திவிட்டேன். இன்னொன்றும் அன்று தெரிந்தது. கொல்லர்கள் உலைக்களத்தை இருட்டாக வைத்திருப்பது சிக்கனத்தால் என்று எண்ணியிருந்தேன். வெயிலில் செந்நிறத்தின் வேறுபாடுகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அந்த இருட்டே அவர்களுக்கு வெப்பமானி.

இத்தகைய பிழை என்னோடு தொடங்கியதன்று என்பதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. தென்னிந்தியாவில் பழங்காலத்தில் மண்மூசைகளில் உருக்கிச் செய்த எஃகு, உலகில் பேர்பெற்றிருந்தது. தமிழ்நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும், மேல்சிறுவளூரிலும் அத்தகைய தொழிலின் சுவடுகளை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். மேலை நாட்டார் அதனை 'ஊட்ஸ்' என்றனர். கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு அது என்று கருதுகிறார்கள். நம் 'உருக்கு' என்னும் சொல்லையும் இதனோடு ஒப்பிடுவதுண்டு. மேற்காசியாவில் இந்த எஃகால் செய்த வாள்களில் நீரலைபோன்ற கோலம் தோன்றும். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இதனைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞரோடு சேர்ந்து இதனை ஆராய்ந்தார். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். சிலிக்கா, அலுமினா ஆகியவற்றின் சேர்க்கையே இதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் எண்ணினார், அது சரியன்று. இதில் 1.5 பங்கு அளவுக்குக் கரி இருந்தது. அவ்வளவு கரியுள்ள எஃகைச் சாதாரண இரும்பைப்போல் வெண்சூட்டுக்குக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிவிடும். ஐரோப்பியக் கொல்லர்கள் தம் வழக்கப்படி காய்ச்சினார்கள். அது அவர்கள் சுத்தியின்கீழ் நொறுங்கியது. குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும் என்பது கீழை நாட்டு வினைஞருக்குத் தெரிந்திருந்தது. நீரலைக் கோலத்தின் காரணம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் விளங்கிற்று. அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும், ஆல்ஃபிரெட் பெண்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் கூடி உழைத்து, கனிமத்தோடு வந்த மிகச் சிறிய அளவு வனேடியம் போன்ற கலப்புகளே அக்கோலத்துக்கு வழிசெய்கின்றன என்பதை 1998இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். பேராசிரியர் ஒருவர், கொல்லர் ஒருவர் என்ற அந்த இணை எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாவது கத்திக்கு அதே பட்டையிலிருந்து எஃகு எடுத்தோம். இம்முறை ஓர் ஆறங்குலத் துண்டை முதலில் வெட்டி, காய்ச்சித் தோய்த்து, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தோம். பழைய இரும்பில் வேலை செய்கிறவர்கள் இதனைச் செய்யாமல் இருக்கக் கூடாது. முறிந்த முகம் சாம்பல்போல் மென்மையாக வரும்வரை சூட்டை மாற்றி மாற்றிச் சோதித்தோம். கத்தியையும் தோய்ப்பதற்குமுன் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்துக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டோம். சம்மட்டி அடியால் உள்ளே தங்கிய இறுக்கம் அதனால் தளரும், படிகங்களும் சிறுத்துவிடும்.

கொல்லரின் கண் எனக்கு இல்லை. ஆகையால் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். எஃகு 770 டிகிரியை அடையும்போது காந்தத்தால் இழுக்கப்படும் இயல்பை இழந்துவிடுகிறது. கத்தியைக் காந்தத்துக்கு அருகே காட்டினேன், ஈர்க்கவில்லை. அதற்கு மேல் இன்னும் சிறிதே சூடேற வேண்டும். கொல்லர் காந்தத்தைப் பார்க்கவே இல்லை. "கோவைப்பழம் வந்துவிட்டது, இறக்குங்கள்" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

தோய்த்தது கடலை எண்ணெயில். அதையும் ஐம்பது அறுபது டிகிரிக்குச் சுட வைத்திருந்தேன். குளிர்ந்த எண்ணெய்தானே விரைவாகக் குளிரச் செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். குளிர்ந்த எண்ணெய் குழம்புபோல் கெட்டியாயிருந்து கத்தியைச் சுற்றி மெதுவாகவே அசையும். இளஞ்சூடான எண்ணெய் இளகி ஓடிச் சூட்டை விரைவாக வாங்கிக்கொள்ளும். "கத்திக்கு எண்ணெய்க் குளியல், அதுவும் வெந்நீர்ப் பதத்தில்!" என்று கொல்லர் சிரித்தார். இம்முறை ஒலி ஒன்றும் கேட்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகு அரத்தை வாயின்மேல் ஓட்டினேன். அது பிடிக்காமல் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கியது. கடினம் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆனால் அந்த நிலையில் கத்தி பயன்படாது. கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். கடினமும் உறுதியும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கண்ணாடி கடினமானது, உறுதியற்றது. ஈயம் வளையும், உடையாது, ஆனால் கூர் நில்லாது. கத்திக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை ஏற்றினால் மற்றொன்று இறங்குகிறது. ஆகவே, ஏற்றிய கடினத்தில் ஒரு பகுதியை மனமறிந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். எவ்வளவு கொடுப்பது என்பது கத்தியின் வேலையைப் பொறுத்தது. மரம் வெட்டும் அரிவாளுக்கு மிகுதியாகக் கொடுக்க வேண்டும். முகம் மழிக்கும் கத்திக்குச் சிறிதே போதும். காய் நறுக்குவது இடைப்பட்டது. அத்துடன், அக்காவின் இடக் கைக்கு இன்னும் பழக்கமில்லை. கத்தி கைதவறி விழக்கூடும் என்பதையும் நினைத்தேன்.

ரொட்டி சுடும் மின்னடுப்பில் கத்தியை 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தேன். ஆறியதும் மீண்டும் ஒரு முறை அவ்வாறே வைத்தேன். சிக்கிக்கிடந்த கரியணுக்களுள் சில இந்த மென்சூட்டில் சற்று நகர்ந்து இடம்பெறுகின்றன, இறுக்கம் தளர்கிறது. ராக்வெல் அளவுகோலில் சோதனைத் துண்டு தோய்த்தவுடன் 62 காட்டிற்று; பதப்படுத்திய பிறகு 58 காட்டிற்று.

முதுகுக்கு மட்டும் இன்னும் உறுதி வேண்டும் என்றார் கொல்லர். அவர் அதனைச் செய்த விதம்தான் நான் அங்கே கண்டவற்றுள் மிகவும் அழகியது. கத்தியைக் கண்ணாடிபோல் மினுக்கினோம். செக்கச் சிவந்த ஓர் இரும்புக் கட்டியின்மேல் முதுகைப் படியவைத்து, வாயின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்தார். முதுகு முதலில் வைக்கோல் நிறம் ஆயிற்று. அது வாயை நோக்கி நகர, அதன் பின்னால் பழுப்பு வந்தது. பழுப்பின் பின்னால் ஊதா. ஊதாவின் பின்னால் மயில் கழுத்து நீலம். நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எஃகின்மேல் ஊர்ந்து சென்றன. வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரி, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. காற்றிலுள்ள பிராணவாயு எஃகின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு மிக மிகத் தடித்துக்கொண்டே போகிறது. சோப்புக் குமிழியிலும், மழைக்காலச் சாலையில் சிந்திய எண்ணெயிலும் தோன்றும் நிறங்களைப் போன்றவையே இவை. நீலம் முதுகில் நிலைத்து, வைக்கோல் நிறம் வாயை நெருங்கும்போது கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்தினார். ஒரே எஃகில் முதுகு வில்லைப்போலவும் வாய் அரத்தைப்போலவும் அமைந்துவிட்டன. ஜப்பானிய வாள் வினைஞர்கள் இதே பயனை வேறு வழியில் அடைகிறார்கள். தோய்ப்பதற்குமுன் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசிவிடுவார்கள். களிமண்ணுக்குள் இருக்கும் முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். வாய்ப்புறம் மட்டும் கடினமாகிப் பருப்பதால், ஜப்பானிய வாளின் அழகிய வளைவும் பெரும்பாலும் அத்தோய்ச்சலிலேயே பிறக்கிறது.

கடினமும் உறுதியும் ஒரே கத்தியில் கூடியிருக்கின்றனவா என்று சோதிக்க, அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தார் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். 1976இல் தொடங்கிய அச்சங்கத்தில் தகுதி பெற விரும்புகிறவர், தாம் செய்த கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். பிறகு இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டம் என்று வழங்கும் மரத்தை இரண்டு முறை வெட்டி முறிக்க வேண்டும். அதன் பின்னும் அதே வாய் முழங்கை மயிரை மழிக்க வேண்டும். இறுதியாக, கத்தியைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, 90 டிகிரி வளைக்க வேண்டும், அது முறியலாகாது. தேறிய கத்தி அத்துடன் பாழ். ஆனால் அதைச் செய்தவரின் கையில் அத்தகைய இன்னொன்றைச் செய்யும் திறம் இருக்கிறது என்பது உறுதியாகிறது.

துருப்பிடிக்காத எஃகில் செய்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். 1913இல் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி அவ்வெஃகை உருவாக்கியபோது, அந்த ஊர்க் கத்தி வினைஞர்களே அதனை வெட்டாத கத்தி என்று கேலி செய்தார்கள். அதைக் கடினப்படுத்த ஆயிரம் டிகிரி அளவில் சூடு வேண்டும். அச்சூட்டில் சிறிது நேரம் நிலையாக நிறுத்தவும் வேண்டும். மின்னுலை உள்ளவர்கள் இன்று அதனை மிக நன்றாகச் செய்கிறார்கள். எங்கள் கரியுலைக்கு அது ஒத்துவராது. எங்கள் கத்தி புளியையும் எலுமிச்சையையும் கண்டால் கறுக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

வாயைச் சாணை பிடித்தது நான் மட்டுமே. தேய்க்கும்போது உண்டாகும் சூடு பதத்தைக் கெடுத்துவிடும். ஆகவே நொடிக்கொரு முறை தண்ணீரில் நனைத்தேன். வெறுங் கையால் தொட்டுச் சூடு பொறுக்க முடியாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்யலாகாது. எஃகுத் தூசும் மரத் தூசும் நெஞ்சுக்குக் கெடுதல். ஒவ்வொரு பக்கத்திலும் 15 டிகிரி அளவுக்குச் சாய்வு கொடுத்து, கல்லில் மாற்றி மாற்றித் தீட்டினேன். ஒரு புறம் தீட்டும்போது மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலால் குறுக்கே வருடினால் அது தெரியும். வாய் முழுவதும் பிசிறு எழுந்தால்தான் கல் கூர்முனையைத் தொட்டுவிட்டது என்று பொருள். பிறகு அந்தப் பிசிறை மெல்லிய கல்லிலும் தோல் வாரிலும் தேய்த்து நீக்கிவிட வேண்டும்.

பிடிக்கு அளவெடுப்பதற்கு ஒரு பிடி களிமண்ணை அக்காவின் இடக் கையில் கொடுத்து, கத்தியைப் பற்றுவதுபோல் இறுக்கச் சொன்னேன். விரல்கள் பதிந்த அந்த மண்ணைக் காயவைத்து, அதைப் பார்த்துப் பூவரசங் கட்டையைச் செதுக்கினேன். மூன்று ஆண்டு உலர்ந்த கட்டை அது. பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் பிடி ஆடும். கத்தியின் முதுகிலிருந்து மேலே எழும் தட்டையான காம்பைப் பிடியில் அறுத்த பிளவுக்குள் செலுத்தி, பசை இட்டு, இரண்டு பித்தளை ஆணிகளால் தறைந்தேன். இடுக்குகளில் ஈரம் இறங்காமல் இருக்க ஆளிவிதை எண்ணெயை நாலைந்து முறை ஊறவிட்டேன்.

பிறந்த நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் இருந்த நீலத்தைச் சுட்டி, "இது என்ன, சாயமா?" என்று கேட்டார். பிறகு பலகையில் ஒரு கத்தரிக்காயை வைத்து, கத்தியைச் சாய்த்து உருட்டினார். காய் இரண்டாயிற்று. அதன்பின் நான் அங்கே இருப்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான்கு கத்தரிக்காய்களையும், ஒரு கைப்பிடி அவரையையும் நறுக்கி முடித்துவிட்டு, கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் உறுத்துகிறது, தம்பி" என்றார்.

அரத்தைச் சட்டைப்பையிலேயே கொண்டுபோயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அந்த இடத்தில் சிறிது தேய்த்தேன். மீண்டும் பிடித்துப் பார்த்தார்; போதாது என்றார். இன்னும் சிறிது தேய்த்தேன்.